சாக்பீஸ் கார்

"அறுபதாயிரம்டி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்று வங்கிப் புத்தகத்தைப் பட்டாணியின் மூக்குக்கு நேரே நீட்டினாள் அக்கா.

பட்டாணிக்குப் பத்து வயது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக இருந்தாளாம். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணிதான்.

அக்காவுக்குப் பதினெட்டு. காலையில் நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பாள். அங்கிருந்து அப்படியே கல்லூரிக்குப் போவாள். நீச்சல் வகுப்பு ஐந்தரை மணிக்கு. முதல் பஸ்ஸே ஐந்தே முக்காலுக்குத்தான். அதனால் ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பாள். குளத்தில் இறங்கும் முன்பே நனைந்திருப்பாள்.

இந்த மாதம் இரண்டு முறை சைக்கிள் செயின் கழன்று தாமதமாகிவிட்டது. "மூணாவது தடவை லேட்டானா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று குளத்து மேலாளர் சொல்லிவிட்டார்.

"செயினை மாத்த வேண்டியதுதானே?" என்றார் அம்மா.

"மாத்தியாச்சும்மா. இப்ப பெடல் கழலுது."

அந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டுப் பாட்டு டீச்சர் தன் மஞ்சள் காரை விற்கப் போவதாகச் சொன்னார். விலை அறுபதாயிரம். அக்கா பத்து மாதமாகச் சேர்த்ததும் அறுபதாயிரம். லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

"முன் சீட் எனக்கு. ஸ்கூல் வாசல்ல இறக்கிவிடணும். எல்லாரும் பார்க்கற மாதிரி" என்றாள் பட்டாணி.

"ஹாரனும் அடிக்கறேன், போதுமா?"

பட்டாணி ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள். காருக்குப் பதினான்கு வயது என்று டீச்சர் சொல்லியிருந்தார். "என்னைவிட நாலு வயசு பெரிசு. அதையும் அக்கான்னுதான் கூப்பிடணுமா?"

அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை செய்யும் அப்பா, கையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "வாங்கறது சரிம்மா. வாங்கினப்புறம் அது தினமும் சாப்பிடுமே?"

"என் செலவெல்லாம் போக மாசம் ஆறாயிரம் மிஞ்சுதுப்பா. அதுல சாப்பிடட்டும்."

"போதுமா?"

"போதும்" என்றாள் அக்கா.

"போதாது" என்றார் அம்மா.

"போதலாம்" என்றார் அப்பா.

மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் யாருக்குமே தெரியவில்லை என்று அர்த்தம். பட்டாணி யோசித்தாள்.

"ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துட்டா?"

"வாங்காம எப்படிடி ஓட்டறது?"

"நான் செஞ்சு தரேன்" என்றாள் பட்டாணி.

மறுநாள் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். மஞ்சள் காரின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் தரையில், அதே அளவில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கார் வரைந்தாள். நான்கு சக்கரம், ஸ்டீயரிங், முன்னால் இரண்டு உருண்டை விளக்கு. நடுவில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தாள்.

"இதுதான் உன் கார். நிஜக் கார் என்ன சாப்பிடுமோ அந்தக் காசை அன்னன்னிக்கு இந்த டின்ல போடணும். பெட்ரோல் பங்க், இன்சூரன்ஸ், பார்க்கிங் ஆள், போலீஸ் எல்லாம் நான்தான்." கழுத்தில் ஒரு விசிலும் தொங்கியது.

"ரிப்பேர் ஆனா?" என்றாள் அக்கா சிரித்துக்கொண்டே.

பட்டாணி அதை யோசிக்கவில்லை. தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள்.

"மாமா, பழைய கார்ல எதெல்லாம் ரிப்பேர் ஆகும்?"

மெக்கானிக் மாமா காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "எது ஆகாதுன்னு கேளு. சீக்கிரம் சொல்லி முடிச்சுடுவேன்."

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. எட்டுத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். ஐந்தில் 'ஒன்றுமில்லை'. ஒன்றில் 'பஞ்சர், நூற்றைம்பது'. ஒன்றில் 'பேட்டரி, நாலாயிரம்'. ஒன்றில் 'கிளட்ச், எட்டாயிரம்'. "ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு எடு. வர்றதை ஏத்துக்கணும், அழக்கூடாது" என்றார்.

பாட்டு டீச்சரும் சம்மதித்தார். "ஒண்ணாம் தேதி வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் பால்காரர் கேட்டுட்டிருக்கார், பார்த்துக்கோ."

சாக்பீஸ் கார் ஓட ஆரம்பித்தது.

அக்கா வழக்கம்போல சைக்கிளில்தான் போய்வந்தாள். ஆனால் தினமும் மாலை இருபது கிலோமீட்டருக்கான பெட்ரோல் காசு நூற்று முப்பதை டின்னில் போட்டாள். கல்லூரியில் பார்க்கிங் இருபது. "போன வாரம் வரைக்கும் என் சைக்கிள் ஓசியில நின்னுட்டிருந்துச்சு" என்று புலம்பினாள்.

ஒரு நாள் அப்பா சாக்பீஸ் காரின் பின் சீட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். "அச்சகம் வரைக்கும் விடும்மா."

"அப்பா, நீங்க கதவு வழியா ஏறல. கூரை மேல மிதிச்சுட்டு வந்தீங்க" என்று பட்டாணி விசில் ஊதினாள். அப்பா இறங்கி, சரியாகக் கதவைத் திறந்து மறுபடி ஏறினார்.

முதல் ஞாயிறு, 'ஒன்றுமில்லை'. இரண்டாம் ஞாயிறு, 'பஞ்சர்'. மூன்றாம் வாரம் மழை பெய்தது. காலையில் பார்த்தால் காரே இல்லை, தரையில் மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது.

"கார் கரைஞ்சு போச்சு. இன்சூரன்ஸ் குடு" என்று அக்கா கையை நீட்டினாள்.

"மழையில கரையற காருக்கு நாங்க தர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, பட்டாணி புது சாக்பீஸ் எடுத்து வரைந்தாள். இந்த முறை விளக்குக்கு இமைகூட வைத்தாள்.

அந்த ஞாயிறும் 'ஒன்றுமில்லை'.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. பட்டாணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தாள்.

கிளட்ச், எட்டாயிரம்.

எல்லாப் பணமும் காருக்கே போய்விட்டால், எட்டாயிரத்துக்கு அக்கா எங்கே போவாள்? கார் போச்சு. முன் சீட்டும் போச்சு.

"என்னடி வந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றாள் பட்டாணி. சீட்டு அவள் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அக்கா டின்னைக் கவிழ்த்து எண்ணினாள். பெட்ரோல், பார்க்கிங், இன்சூரன்ஸுக்கு ஒரு மாதப் பங்கு, ஆயில், பஞ்சர் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நூற்று எழுபது. ஆறாயிரத்தில் இன்னும் எண்ணூற்று முப்பது மிச்சம்.

"போதும்னு சொன்னேன்ல? நாளைக்குப் பணம் எடுத்துக் குடுத்துடறேன்." அக்கா அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். பட்டாணிக்குத் தலை மட்டும் சுற்றியது, சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு அவள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். "காய்ச்சலா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி சும்மாதான் இருந்தது. சட்டைப் பைதான் சுட்டது.

மறுநாள் மாலை. அக்கா பண உறையோடு வாசலுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கும் நேரத்தில் பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது. சாக்பீஸ் காரின் நடுவில் பட்டாணி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ இல்லக்கா. நான்தான்." பட்டாணி சீட்டை நீட்டினாள். "நேத்து வந்தது இதுதான்."

அக்கா படித்தாள். மெதுவாக வந்து, ஓட்டுநர் சீட் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஏன்டி?"

"முன் சீட்டு" என்றாள் பட்டாணி. "கார் வேணும்னு இருந்துச்சு. ஆனா நிஜமாவே கிளட்ச் போனா நீ நடுரோட்டுல நிப்பியே. வேலையும் போயிடுமே."

அக்கா சீட்டை மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். "முன் சீட்டுல உட்காரு."

பட்டாணி உட்கார்ந்தாள். இருவரும் எதிர் வீட்டு மஞ்சள் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அக்கா, இது சும்மா சீட்டுல வந்தது. அந்தக் கார்ல கிளட்ச் எப்படி இருக்குன்னு யாருமே பார்க்கலையே. மாமாவை ஓட்டிப் பார்க்கச் சொல்லலாமா?"

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இது எனக்குத் தோணவே இல்லையே."

மெக்கானிக் மாமா வந்தார். டீச்சரிடம் சாவி வாங்கி, தெருவின் மேட்டில் காரை ஏற்றினார். எஞ்சின் கத்தியது. கார் மட்டும் யோசித்து யோசித்து ஏறியது.

"கிளட்ச் தேஞ்சிருக்கு. ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு" என்றார் இறங்கி. "சீட்டு எழுதினப்ப இது சத்தியமா எனக்குத் தெரியாது."

பாட்டு டீச்சர் திகைத்துப் போனார். "வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போவேன், அதுவும் சமதரைல. எனக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு ஆகும்?"

"எட்டாயிரம்."

"அப்ப ஐம்பத்திரண்டு குடும்மா, போதும். தெரிஞ்சப்புறம் முழுசா வாங்கிட்டா ராத்திரி எனக்கு சுருதியே சேராது."

அக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஐம்பத்திரண்டாயிரம் காருக்கு. எட்டாயிரம் கிளட்சுக்கு. மாதச் செலவுக்கு ஆறாயிரம் இருக்கிறது.

"டின்ல இருக்கற காசு?" என்றாள் பட்டாணி.

"அதைத் தொடக்கூடாது. அது காரோட காசு. அடுத்த தடவை பேட்டரி போனா எடுக்கறதுக்கு."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "போதும்" என்றார். அம்மாவே சொல்லிவிட்டார் என்றால் போதும்தான்.

ஒரு வாரத்தில் புதுக் கிளட்சோடு மஞ்சள் கார் வீட்டுக்கு வந்தது. சாக்பீஸ் கோட்டுக்குள் அதை நிறுத்த அக்காவுக்கு ஏழு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு சக்கரம் வெளியே நின்றது. பட்டாணி அபராதம் போடாமல் விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்குக் கல்லூரி இல்லை, பட்டாணிக்குப் பள்ளி இருந்தது. குளத்திலிருந்து நேராக வந்து, பட்டாணியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டாள். பள்ளி வாசல் நிறையப் பிள்ளைகள். அக்கா காரை நிறுத்தி, கண்ணைச் சிமிட்டிவிட்டு ஹாரனை அழுத்தினாள்.

சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ம்ஹூம்.

"இது எந்தச் சீட்டுலயும் வரலையே" என்றாள் அக்கா.

"பரவாயில்லக்கா" என்றாள் பட்டாணி. கழுத்திலிருந்த விசிலை எடுத்து, ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, மூச்சு இருக்கும் வரை ஊதினாள்.

பள்ளி வாசலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.