சிக்கிக்கொள்ளும் தாழ்ப்பாள்

ஹோட்டல் வாசலில் வண்டி நின்றதும் அவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. இறங்கி, மழையில் அப்படியே நின்று, அண்ணாந்து இரண்டாம் மாடியின் மூலை ஜன்னலைப் பார்த்தார். பெட்டி, குடை, தங்கை கொடுத்தனுப்பிய துணிப்பை எல்லாம் வழக்கம்போல மனைவியின் தலையில் விழுந்தன. அவள் தையல்காரி. நாள் முழுக்க மெஷினில் குனிந்து கிடக்கிற இடுப்பு. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கினாள்.

அவர் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். இந்த ஊர் ஆஸ்பத்திரிகள் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில், மாதத்துக்கு ஒரு வாரம் இந்த ஹோட்டலில், அந்த மூலை அறையில்தான் வாசம். அதை அவள் "உங்க சின்ன வீடு" என்பாள். கேலிதான் என்றாலும் உள்ளுக்குள் எரிச்சலும் உண்டு. வீட்டில் சிடுசிடுவென்று இருக்கிற மனிதர், இங்கிருந்து போனில் பேசும்போது மட்டும் குழைவார். அவர் போனை வைப்பதற்குள்ளேயே சீழ்க்கை ஆரம்பித்துவிடும். வீட்டில் அவர் சீழ்க்கை அடித்து அவள் கேட்டதே கிடையாது.

வேறு ஊருக்கு மாற்றலாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது தங்கை வீட்டிலிருந்து திரும்பும் வழியில், மாலை ரயில் வரைக்கும் இந்த ஊரில் பொழுதைத் தள்ள வேண்டியிருந்தது. ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிடலாம் என்றாள் அவள். "ஒரு தடவை நீயும் வந்து பாரேன்" என்றார். அவர் அப்படி ஆசையாக எதையும் கேட்கிறவர் இல்லை. அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த மேனேஜர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே குழம்பியது.

"சார், நீங்க வெளியிலேருந்தா வர்றீங்க?"

"பின்ன, உள்ளேருந்தா வருவேன்? நம்ம ரூம் காலியா இருக்கா?"

"காலிதான் சார். அதை யாரும் எடுக்கறதில்ல. எடுத்தாலும் கொஞ்ச நேரத்துல பெட்டியத் தூக்கிட்டு இறங்கிடறாங்க. உள்ள யாரோ சீழ்க்கை அடிக்கறாங்களாம்." மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "சார் அடிச்ச சீழ்க்கை செவுத்துல ஒட்டிக்கிச்சு போலன்னு நாங்க பேசிச் சிரிப்போம்மா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேல்மாடி நடையில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அப்படியும் இருட்டு மூலைக்கு மூலை பதுங்கியிருந்தது. பினாயில் நெடியும், ஈரக் கம்பளத்தின் வாடையும். அவர் கதவைத் திறந்ததும் இரண்டும் நின்று, வேறொரு வாசனை வந்தது. அவர் தலைக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை. அவரை ஒட்டி நின்றதால் அவரிடமிருந்து வருகிறது என்று முதலில் நினைத்தாள். அவர் ஜன்னலைத் திறக்கப் போனார். வாசனை அவரோடு போகவில்லை.

கட்டிலின் இடது பக்கம் மெத்தையில் ஆள் அளவுக்கு ஒரு குழி.

"நான் படுத்துப் படுத்து ஆன குழி. எப்படி வச்சிருக்காங்க பாரு" என்றார் அவர், பெருமையாக.

அவள் அதில் கை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

"என்னங்க, இப்பதான் யாரோ எழுந்து போயிருக்காங்க."

"உனக்கு எதுலயும் ஒரு குத்தம். முகம் கழுவிட்டு வரேன், அப்புறம் டீ சொல்லலாம்." குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. குழாயில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

அவர்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது சில நாள் திடீரென்று சிக்கிக்கொள்ளும். ஊரில் உள்ள எக்ஸ்ரே மெஷின்களை எல்லாம் சரி பண்ணுகிறவருக்கு அதைச் சரி பண்ண மட்டும் நேரம் வந்ததில்லை; கேட்டால் அடுத்த ஞாயிறு என்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர் தண்ணீர்க் குவளையின் பிடியால் கதவில் தட்ட வேண்டும். ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இரண்டு தட்டு. வெளியே இருக்கிறவர் கால் கட்டைவிரலைக் கதவுக்கு அடியில் கொடுத்துத் தூக்கித் தள்ளினால் திறக்கும். சண்டை போட்டு நாள்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கும்போதும், அந்தச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். "எங்களுக்குள்ள மிச்சம் இருக்கற காதல் அது ஒண்ணுதான்" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் அவள் சொல்லிச் சிரிப்பாள். பொய்யில்லை.

அவள் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் சுவரெல்லாம் மழை வழிந்துகொண்டிருந்தது. பின்னால் சீழ்க்கை கேட்டது. மெல்லியதாக, அவசரமே இல்லாமல். இதுதானா அது என்று நினைத்தபோது அவளையும் மீறி முகத்தில் புன்னகை வந்தது. இந்தச் சந்தோஷத்தை இத்தனை வருஷம் இந்த அறைக்குத் தாரை வார்த்துவிட்டு எனக்கு வெறும் சிடுசிடுப்பைக் கொண்டுவந்தாரே என்று துக்கமாகவும் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. சீழ்க்கை குளியலறையிலிருந்து வரவில்லை.

திரும்பினாள்.

அவர் கட்டிலில், அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தார். அதே சட்டை. முகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"எப்ப வெளிய வந்தீங்க? கதவுச் சத்தமே கேக்கல."

"நான் எங்கயும் போகலையே" என்றார், சிரித்த முகத்தோடு.

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"குழாயை மூடலையா?"

அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்ததுண்டு.

டொக்.

அவள் குளியலறைக் கதவைப் பார்த்தாள்.

டொக், டொக்.

அது அவள் வீட்டுச் சத்தம். அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சத்தம். அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். அப்படியென்றால் எதுவோ ஒன்று அந்தச் சத்தத்தைக் கற்று வைத்துக்கொண்டு உள்ளே நிற்கிறது.

"என்னங்க. உள்ள யாரு?"

"பழைய கட்டடம். பைப்பு அடிக்குது."

டொக். டொக், டொக்.

இப்போது வேகமாக. கதவு அதிர்ந்தது. அவள் கால் கட்டைவிரல், பழக்கத்தில், தானாக மடங்கியது. ஓரடி முன்னால்கூட வைத்துவிட்டாள். அடுத்த தட்டலில் பயம் அவளை அறை வாசலுக்கு விரட்டியது. கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு சுவரோடு சுவராக நின்றது. வெளியே நடையில் ஆள் நடமாடும் சத்தமே இல்லை. உள்ளங்கையால் கதவை அடித்துப் பார்த்தாள். பின்னால் தட்டல் ஓயவில்லை.

அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"என்னையும் கூட்டிட்டுப் போறியா?" காதருகே, மூச்சாக.

"பின்ன உங்களை விட்டுட்டா போவேன்? வாங்க."

கதவு உடனே திறந்தது.

தோளில் கிடந்த கைப்பையோடு சரி; பெட்டி, துணிப்பை, குடை எதையும் அவள் எடுக்கவில்லை. அவர் கையை இறுகப் பிடித்தபடி படியிறங்கினாள். மேனேஜர் எழுந்து நின்றார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவர்களுக்குப் பின்னால், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார், இன்னும் ஒருவர் இறங்கி வர வேண்டியிருப்பதுபோல.

ரயிலில் அவருக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. மின்கம்பத்தைக்கூட எட்டி எட்டிப் பார்த்தார். "உங்க போன் எங்கங்க?" என்று கேட்டாள். அங்கேயே விட்டிருப்பேன், போனால் போகிறது என்றார். செருப்பு வார் அறுந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர்.

வீட்டுக்கு வந்த பின் அவர் சிடுசிடுக்கவே இல்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவள் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். நாளெல்லாம் சீழ்க்கை. "உன் வீட்டுக்காரரை எங்க கொடுத்து மாத்திக்கிட்டு வந்தே?" என்று துணி வாங்க வந்தவள் கேட்டாள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஹோட்டலில் நடந்ததை நினைக்கவே கூடாது என்று வைத்திருந்தாள்.

ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. காலமெல்லாம் கருவிப் பெட்டி தூக்கி அவருக்கு இடது தோள் இறங்கிவிட்டது. அதனால் அவருடைய சட்டைகளில் அந்தத் தோளை அவள் சற்று இறக்கித்தான் தைப்பாள். இப்போது எந்தச் சட்டையைப் போட்டாலும் இடது பக்கம் சுருங்கி நின்றது. அவர் தோள்கள் இரண்டும் ஒரே மட்டமாக இருந்தன. ஓய்வெடுத்ததில் சரியாகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் முற்பகல் அவர் குளிக்கப் போனார். தாழ்ப்பாள் சிக்குகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கதவருகே போய், கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தட்டல் வரவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் வரவில்லை. உள்ளே அவர் நிம்மதியாகச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார். அடைபட்டுக் கிடப்பது புதிதில்லை என்பதுபோல. கடைசியில் அவளே கதவைத் தூக்கித் தள்ளித் திறந்தாள்.

"ஏங்க தட்டல?"

"எதுக்குத் தட்டணும்?" என்றார் அவர், நிஜமாகவே தெரியாமல்.

அவள் தையல் மெஷினுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரை விட்டுவிட்டு யாரைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று இப்போது புரிந்தது. ஹோட்டல் குளியலறையில் தட்டியது அவர்தான். அவளைத்தான் கூப்பிட்டார். அவள் ஓடி வந்துவிட்டாள்.

வீட்டில் இருந்தவர் கொல்லைப்புறம் போன சமயம் பார்த்து ஹோட்டலுக்குப் போன் போட்டாள்.

"குளியலறையைத் திறந்து பாருங்க. அவர் போனும் அங்கதான் இருக்கணும். தயவுசெஞ்சு."

"அன்னைக்கே பார்த்தோம்மா. கதவு திறந்துதான் கிடக்கு. உள்ள யாரும் இல்ல, போனும் இல்ல." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த ரூம்ல சீழ்க்கை நின்னுபோச்சு. இப்ப வேற சத்தம்."

"என்ன சத்தம்?"

"தட்டற சத்தம்மா. ராவும் பகலும்."

அவள் கைப்பையை எடுத்தாள். அடுத்த ரயிலோ பஸ்ஸோ, எது கிடைத்தாலும் போய்விட வேண்டும். அந்தக் கதவுக்கு முன்னால் நின்று கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். அது அவளுக்கு மட்டும் தெரிந்த வேலை.

வாசற்கதவு பூட்டியிருந்தது. எப்போதும் மாட்டுகிற ஆணியில் சாவி இல்லை.

"சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார் அவர், கூடத்தின் நடுவே நின்று, அன்பாக. "எங்க போகப் போற? இங்கயே இருப்போம். ஆளை அடைச்சுப் போட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தனியா இருந்தாத்தான் கஷ்டம்." பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார், சீழ்க்கை அடித்துக்கொண்டே.

அவள் தையல் அறைக்குள் பின்வாங்கினாள். மெஷின் மேலிருந்த போன் ஒலித்தது. திரையில் "அவர்" என்று இருந்தது.

காதில் வைத்தாள். தண்ணீர் கொட்டும் இரைச்சல். பேச்சு இல்லை, மூச்சும் இல்லை.

டொக். டொக், டொக்.

சோர்ந்துபோன தட்டல். பதில் வராது என்று தெரிந்தும் விடாமல் தட்டுகிறவரின் தட்டல். அவளுக்கு அழுகை பொங்கியது. வாயைத் திறந்தால் கூடத்துக்குக் கேட்டுவிடும். துணி வெட்டுகிற கத்தரியை எடுத்து, அதன் பிடியால் போனின் மேல் மெல்லத் தட்டினாள். ஒன்று. நிறுத்தி, இரண்டு.

அந்தப் பக்கம் எல்லாம் நின்றது. தண்ணீர்கூட.

பிறகு கதவே பிளந்துவிடுவதுபோல் தட்டத் தொடங்கினார்.

கூடத்தில் சீழ்க்கை நின்றது.