எழுபத்தொரு தோள்கள்

வீடு முதல் தூக்கலிலேயே எழுந்துவிட்டது. அதுதான் சரியில்லை.

லூபோக் கெலி என்ற அந்த மலாய்க் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், எந்த மரவீடும் அப்படி எழுந்ததில்லை. முதல் தூக்கலில் மரம் முனகும். இரண்டாவதில் ஆணிகள் கிறீச்சிடும். மூன்றாவதில் எவனாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள். நாலாவதில்தான் கால்மரங்கள் அடிக்கல்லை விட்டு ஒரு விரல் உயரம் எழும். மஸ்தூரா சின்ன வயதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வீடுகள் இப்படித் தோளில் ஏறி நகர்வதைப் பார்த்தவள். இன்று நகர்ந்தது அவள் வீடு. அவள் உள்ளேயே இருந்தாள், அம்மாவின் மெத்தையோரம், ஒரு கை அம்மாவின் தோளிலும் மறு கை நடுத்தூணிலுமாக. வெளியே அம்மாவின் தம்பி பாக் சூ டெரிஸ் "பிஸ்மில்லா" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். சோற்றுத் தட்டைத் தூக்குவது போல் வீடு மேலே போனது.

கீழே ஒருவரும் முனகவில்லை.

இருபத்தெட்டுப் பேர். தூக்குவதற்கு முன்னால் சன்னலில் நின்று அவள் எண்ணியிருந்தாள். இந்த வீட்டுக்கு எழுபது தோள் வேண்டும். வாலிபர்கள் எல்லாம் கோலாலம்பூரில் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், இல்லை சிங்கப்பூரில் யாருடைய கட்டடத்துக்கோ வர்ணம் பூசுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் ஐம்பது தாண்டியவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள். தொப்பை உள்ளவன் எல்லாம் நடுவரிசைக்குப் போங்கள், வீடு அதன் மேல் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும் என்று பாக் சூ சொல்ல, பத்து நிமிடம் முன்புவரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்று அடிக்கல்லை விட்டு நகர்த்த முடிந்தாலே பெரிது, மீதியை நாளை லாரி வைத்து இழுக்கலாம் என்பதுதான் பேச்சு.

ஆனால் நாளை என்று ஒன்று இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. பகாங் ஆறு ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரையைக் கடித்துத் தின்றது. பழைய சாலையைத் தின்றது. சுரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்தின் பழைய கட்டடத்தை, பந்து விளையாடிய திடலை. போன வருடத்துக்கு முந்தைய வருடம் இடுகாட்டை மொத்தமாக இழுத்துக்கொண்டு போனது. ஒரு காலத்தில் சாலையைப் பார்த்துக் கட்டிய அவர்கள் வீட்டு முன்வாசல் இப்போது ஆற்றைப் பார்க்கிறது. கடைசிப் படிக்கும் கரைக்கும் நடுவே நாற்பது தப்படி. ஒரு பெரிய மழை போதும். மெத்தையில் கிடக்கும் அம்மாவை அதற்குள் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் உள்ள புது மனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். முந்நூறு தப்படி. மஸ்தூராவுக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அம்மா விழுந்து மூன்று வருடம் ஆகிறது. வலப்பக்கம் செத்துவிட்டது, பேச்சு போய்விட்டது. முதுகெல்லாம் படுக்கைப் புண். தூக்கினால் அவள் போடும் அலறலை ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை தூக்க மாட்டார்கள். மெத்தையோடு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், அக்காவின் கனம் ஒரு கோழியின் கனம்கூட இல்லை என்று பாக் சூதான் சொன்னார்.

இதெல்லாம் சரி. பட்டியல்தான் சரியில்லை.

கம்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் மஸ்தூரா. பட்டத்தை வைத்து மூன்று வருடம் விண்ணப்பம் போட்டாள். கடைசியில் கிடைத்தது மாவட்ட அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்தம்: லூபோக் கெலியின் விவரத் தொகுப்பை எழுதித் தர வேண்டும். வீடுகள் எத்தனை, கிணறுகள் எத்தனை, மக்கள் என்ன தொழில் செய்கிறார்கள், சுற்றுலாவுக்கு என்ன வாய்ப்பு. சுற்றுலாவுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். அதிகாரி அதை அடித்துவிட்டு 'ஆற்றங்கரை அழகு' என்று போட்டார். அவர்களைத் தின்றுகொண்டிருக்கும் ஆறு. அன்றோடு அவளுக்கு அந்த வேலை கசந்துபோனது. மீதிப் பக்கங்களை இருபது வருடத்துக்கு முந்தைய தொகுப்பிலிருந்து அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டாள். எவன் படிக்கப்போகிறான்? 'கூட்டு வேலைக்குத் தோள் கொடுக்கும் ஆண்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. எழுபத்தொரு பெயர்கள். அதையும் சேர்த்துத்தான்.

பிலால் மொக்தார் படித்தார். சுராவில் பாங்கு சொல்ல திரங்கானுவிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது, கம்பத்தில் யார் யாரென்று அவருக்குத் தெரியாது. வீடு தூக்க ஆள் ஆளாகப் பெயர் சொல்லி அழைப்பதுதான் இந்தக் கம்பத்து வழக்கம் என்று யாரோ சொல்ல, மஸ்தூராவின் தொகுப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, காலையில் சுராவின் ஒலிபெருக்கியில் நிதானமாக, ஒரு பெயரையும் விடாமல் வாசித்தார்.

அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் அதைக் கேட்டாள். ஸக்கரியா பின் உத்தே. கரண்டி பாதியில் நின்றது. அது அவள் அப்பா. இறந்து ஒன்பது வருடம். அடுத்து, சர்க்கரையில் காலை வெட்டியும் பிழைக்காத வான் சாலே. இடி விழுந்த டெராமான். ஒரே மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்த இரட்டையர்கள். தொலைவில் காப்பிக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வாசித்து முடித்தபோது அவள் விரல்விட்டு எண்ணியிருந்தாள். உயிரோடு இருப்பவர்கள் இருபத்தெட்டு. மற்ற நாற்பத்து மூன்று பேரும் இடுகாட்டில். இடுகாடு ஆற்றில்.

பாக் சூ செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தார்.

"எவ்வளவு பழைய பட்டியல் மஸ் அது?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"தோளுக்குன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்தே ஆகணும். தெரியும்ல உனக்கு? போ. மைக்கைப் புடிச்சு ஒவ்வொருத்தர் பேரா சொல்லி, நீங்க வர வேணாம், படுத்துக்குங்கன்னு சொல்லிட்டு வா."

"செத்தவங்களுக்கு லீவு குடுக்கச் சொல்றீங்களா, பாக் சூ?"

அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பா பேரும் அதுல இருக்கு," என்றார்.

அவள் போகவில்லை. நம்பிக்கை இல்லாததால் மட்டும் இல்லை. ஒலிபெருக்கி முன்னால் நின்று நாற்பத்து மூன்று பெயர்களைச் சொன்னால், படித்த பெண் ஆறு மாதச் சம்பளத்துக்குப் பழைய தாளைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள் என்பதை ஊர் முழுக்க அவளே அறிவிப்பது போல ஆகும். அதற்கு அவள் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. வெள்ளித் தொழுகை முடிந்தது. வானம் கறுத்தது. ஆண்கள் வந்து கால்மரங்களில் குறுக்கே மூங்கில் கட்டினார்கள்.

இப்போது வீடு நடந்துகொண்டிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடவில்லை. மண் அடுப்பருகே தொங்கிய அகப்பைகள் ஒன்றோடு ஒன்று முட்டவில்லை. எத்தனை பேர் தூக்கினாலும் ஒருவன் வேகமாகவும் ஒருவன் மெதுவாகவும் கால் வைப்பான், வீடு படகைப் போல் அலைமோதும். இது அலைமோதவில்லை. தரைப் பலகைகளுக்குக் கீழே சேற்றில் கால்கள் ஒரே நேரத்தில் புதைந்தன, ஒரே நேரத்தில் எழுந்தன, சளக், சளக் என்று, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு முனகல் பாட்டு, ஒன்று என்று ஒருவர் இழுக்க இரண்டு மூன்று என்று மற்றவர்கள் முடிக்கும் பழைய தூக்குப் பாட்டு, ஆனால் வாயைத் திறக்காமல் பாடுவது போல. பலகை இடுக்குகள் வழியாக ஒரு வாடை ஏறியது. வருடக்கணக்கில் ஆற்றின் அடியில் கிடந்த வலையை இழுத்துக் கரையில் போட்டால் வருமே, அழுகிய இலையும் கெளுத்தியின் வழவழப்பும் சேர்ந்த வாடை, அது.

வியர்வை வாடை இல்லை. இத்தனை ஆண்கள், துளி வியர்வை வாடை இல்லை.

ரப்பர் மரங்கள் இடப்பக்கம் வர வேண்டும். அவள் இடப்பக்கச் சன்னலைப் பார்த்தாள். சாம்பல் நிற வானம் மட்டும். பின்பக்கச் சன்னலில்தான் ரப்பர் மரங்கள் தெரிந்தன. சிறியதாகிக்கொண்டு இருந்தன.

வீடு முன்வாசல் பக்கமாகப் போகிறது. பழைய சாலை இருந்த பக்கமாக.

"பாக் சூ," என்று கத்தினாள். "வழி தப்பு. இறக்குங்க."

பதில் வந்தது. ஆனால் கீழேயிருந்து இல்லை. பின்னாலிருந்து, தூரத்திலிருந்து.

"மஸ், குதிச்சிடு. எங்க தோள்ல இல்ல. வீடு எங்க தோள்ல இல்ல."

அவள் பின்சன்னலுக்கு ஓடினாள். வீடு இருந்த இடத்தில் அடிக்கற்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஆண்கள் நின்றார்கள், தூக்குவதற்காக வளைந்த முழங்கால்களோடு, வெறும் தோளில் கை வைத்தபடி. பாக் சூ மட்டும் நாலடி ஓடிவந்து, அதற்கு மேல் ஓட முடியாதவர் போல நின்றுவிட்டார். அவள் எண்ணினாள். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள்.

இருபத்தெட்டு.

சளக். சளக்.

மண்டியிட்டாள். பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். தலைகள். நெருக்கமாக, வரிசை வரிசையாக. ஈரமான முடி. முடி இல்லாத இடங்களில் சேறு. வீடு தூக்குகிறவர்கள் மேலே பார்க்கக் கூடாது என்பது வழக்கம், யாரும் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு நேர் கீழே ஒரு தோள். சட்டை மட்கிப்போய் நூலாகத் தொங்கியது. அந்தத் தோளில் மூங்கில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதைப் பார்த்தாள். எலும்பு வரைக்கும்.

"அப்பா," என்றாள். அப்படிக் கூப்பிடுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "அப்பா, இறக்குங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. இறக்கிடுங்க."

பாட்டு நின்றது. கால்கள் நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தான், மஸ்," என்றது கீழே ஒரு குரல். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் உட்கார வைத்து மிதிக்கும்போது சொல்லுவாரே, அதே குரல். அதே அன்பு. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போல.

பாட்டு மறுபடி தொடங்கியது.

அவள் மெத்தையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வாசலுக்கு. வாசலிலிருந்து எப்படியாவது, உருட்டியாவது, தள்ளியாவது. அம்மா அலறட்டும். புண் கிழியட்டும். மெத்தை ஒரு முழம் நகர்ந்தது. இரண்டு முழம். முன்வாசலில் தெரிந்தது கரை இல்லை. தண்ணீர்.

கைமணிக்கட்டில் ஏதோ இறுகியது.

அம்மாவின் கை. வலது கை. செத்த கை.

அம்மா அலறவில்லை. மூன்று வருடமாக ஒரு பக்கம் கோணியிருந்த வாய் நேராகியிருந்தது. அவள் கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன, பலகைகளுக்கு அடியில் நடப்பவர்களைப் பார்ப்பது போல, ஒவ்வொருவராக அடையாளம் கண்டுகொள்வது போல.

"காப்பி கலந்துட்டியா மஸ்?" என்றாள் அம்மா, தெளிவாக. "இத்தனை பேர் வந்திருக்காங்க."

"அம்மா, விடு."

"அடுப்பைப் பத்த வை. களைச்சுப் போயிருப்பாங்க."

"விடும்மா."

விடவில்லை. மஸ்தூரா இழுத்தாள். கடித்தாள்கூட. அந்த விரல்களில் கோழியின் கனம் இல்லை. நடுத்தூணின் கனம் இருந்தது. வாசல் மூன்றடி தள்ளி. சன்னல் நாலடி. அவளுக்கு நீந்தத் தெரியும். இந்த ஆற்றில் பிறந்தவளுக்கு நீந்தத் தெரியாதா. கரையில் பாக் சூ அவள் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தார். பிறகு அந்தச் சத்தம் மழைக்குள் போய்விட்டது.

கரை முடிந்தது. வீடு விழவில்லை. படியிறங்குவது போல் இறங்கியது. முதல் படி. இரண்டாவது படி. எல்லாக் கால்களும் ஒன்றாக.

வாசற்படி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது, அவசரமில்லாமல், விருந்தாளி போல. மெத்தை நனைந்தது. காலண்டர் இன்னும் ஆடவில்லை. அம்மா தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டாள், இடது கையாலேயே. தண்ணீர் மஸ்தூராவின் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு. கீழே சளக் சளக் நின்றுபோனது, கால்கள் இப்போது முழுக்கத் தண்ணீருக்குள் நடந்தன. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. அது தரைப் பலகைகளின் இடுக்குகள் வழியாக, குமிழிகளாக, வரிசை வரிசையாக மேலே வந்து உடைந்தது.

ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இரண்டு, மூன்று.

வீடு சாயவே இல்லை.

ஒன்று. இடைவெளி.

இரண்டு, மூன்று.