காவல் விரால்

தடுப்பணைக்குப் பின்னால் ஆறு தேங்கிக் கிடக்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒற்றை ஆள் துடுப்புப் படகுகளான கயாக்குகள் இரண்டு இறங்கின. ஒன்றில் மோகன், இன்னொன்றில் பிரவீன். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். வாரமெல்லாம் மெஷின் சத்தம் கேட்ட காதுக்குக் கொஞ்சம் அமைதி கிடைத்தால் போதும் என்று வருகிறவன் மோகன். பிரவீனுக்கு அமைதியெல்லாம் வேண்டாம், விரால் வேண்டும்.

மழைக்குப் பிறகு தண்ணீர் டீ போலக் கலங்கியிருந்தது. கரையோரச் சம்புக்கோரைப் புதரில் அழுகல் வாடை. கலங்கல் தண்ணீரில் மீனைத் தேடாதே, குஞ்சைத் தேடு என்பான் பிரவீன். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கும்பலாக மேலே வந்து மூச்சு வாங்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். கும்பலின் நடுவே தூண்டில் முள் கோத்த ரப்பர் தவளையை வீசினால், குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று நினைத்துப் பாய்ந்து கவ்வும். பசியில் அல்ல, பதற்றத்தில். மனசாட்சி உள்ள தூண்டில்காரன் அந்தப் பக்கமே வீசமாட்டான்.

பிரவீன் வீசினான். முதல் வீச்சிலேயே ஒன்று மாட்டியது.

"போதும் மச்சான். குஞ்சுங்க கீது, இன்னொன்ன வுட்டுடு" என்றான் மோகன்.

"அது எங்கடா போவப் போவுது?" பிரவீன் சிரித்துக்கொண்டே மறுபடி வீசினான்.

இரண்டாவதும் வந்தது. காவல் போன குஞ்சுகளைத் தின்னக் கெளுத்திகள் கூடின. தண்ணீர் கொதித்தது. பிரவீன் அதைப் போனில் வீடியோ எடுத்தான். அவனை ஓங்கி ஒன்று அறையலாம் போலிருந்தது மோகனுக்கு.

பிறகு எல்லாம் அடங்கியது. நெடுஞ்சாலை லாரிச் சத்தம்கூட நின்றுபோனது.

"அப்பா."

சம்புக்குள்ளிருந்து வந்தது.

பிரவீனின் முகம் வெளிறியது. அது அவனுடைய ஆறு வயது மகள் நிலாவின் குரல். வீட்டுக்குப் போன் போட்டான்.

"நிலாவா? இங்கதான் டிவி பாத்துக்கினு கீறா. இரு, குடுக்கிறேன்" என்றாள் மனைவி சசிகலா.

"அப்பா, எப்ப வருவே?" என்றது போன்.

"அப்பா, மூச்சு முட்டுதுப்பா" என்றது சம்பு.

அதே குரல்தான்.

"பாப்பா வூட்ல கீறா மச்சான். கரைக்கு வா" என்று மோகன் கெஞ்சினான்.

"தெரியும்டா." பிரவீன் அழுதான். ஆனால் துடுப்பு சம்புப் பக்கமே தள்ளிக்கொண்டு போனது. "தெரியும்டா. கூப்புடுறாளே, இன்னா செய்ய?"

அங்கே போய்க் குனிந்தான். குழந்தையைத் தூக்குவதற்கு நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டான்.

ஒரு சத்தம் இல்லை. காலிக் கயாக் மட்டும் லேசாக ஆடியது.

உள்ளே கிடந்த போனில், "அப்பா? அப்பா?" என்று நிலா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கயாக் சாய்ந்து விழுந்துவிட்டான் என்று சொல்லிவைத்தான் மோகன். நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர் கிடைக்காமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகளைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாள் சசிகலா. தேடுகிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பக்கத்தில் மோகன் மட்டும் இருந்தான்.

மறுபடியும் லாரிச் சத்தம் நின்றது.

"அம்மா."

நிலா நிமிர்ந்து பார்த்தாள். "நான் கூப்புடலம்மா."

சசிகலா குனிந்து மகளின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். "தெரியும் கண்ணு" என்றாள்.

அந்தச் சின்ன விரல்களைத் தன் கையிலிருந்து பிரித்து மோகனின் கையில் வைத்தாள். "கொஞ்சம் புடிச்சிக்கங்கண்ணே."

மோகனுக்குப் புரிவதற்குள் அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். குழந்தையை விடவும் முடியாமல், அவளை எட்டவும் முடியாமல் கத்தினான். இடுப்பளவு போனாள். கழுத்தளவு போனாள். சம்பு விலகி, மூடிக்கொண்டது.

நிலா அழவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"மாமா, கைய வுடு" என்றாள். "அப்பாவும் அம்மாவும் கூப்புடுறாங்க."

அவன் காதில் எதுவும் விழவில்லை. பிடியை இறுக்கினான். ஆறு வயதுக் குழந்தையின் கை அவனைத் தண்ணீரை நோக்கி இழுத்தது.