பல் முளைத்த பெட்டி

காதல் கண்ணில்தான் பிறக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கவிஞர்களும் சோதிடர்களும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களும் ஒரே கட்சி. உலகம் தோன்றிய நாளிலிருந்து இந்த விதி மாறியதே இல்லை... அந்த ஞாயிற்றுக்கிழமை மழையில் மட்டும் அது கொஞ்சம் கீழே சறுக்கி, ஒரு கணக்கு வாத்தியாரின் கடைவாய்ப் பல்லில் பிறந்துவிட்டது.

நடந்தது இதுதான். பல் டாக்டர் ஒரு நீளப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மரப்பட்டறைக்குள் ஓடி வந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று இடப்பக்கம் திரும்பினாள். பலகை வலப்பக்கம் திரும்பியது. அங்கே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்த ஒருவன் சரியாக அந்த நேரம் பார்த்து நிமிர்ந்தான்.

டொக்!

"ஐயோ... பட்டுடுச்சா?"

"இல்லைங்க. சும்மாதான் தாடையைப் பிடிச்சிட்டு நிக்கறேன். பொழுது போகல."

"வாயைத் திறங்க."

"என்னது?"

"ஆ-ன்னு திறங்க. நான் பல் டாக்டர்."

அவன் திறந்தான். அதட்டினால் திறந்துவிடுகிற வாய் போலிருக்கிறது. கைப்பேசி விளக்கை அடித்து அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "எதுவும் ஆடல. நல்லா கெட்டியா இருக்கு. கீழே கடைசிப் பல்லுலதான்... யாருங்க இதை அடைச்சது? சுவத்துக்குப் பூசின மாதிரி இருக்கு!"

"ஆ... ஊ... ஆ..."

பிறகுதான் விளக்கு கொஞ்சம் மேலே நகர்ந்தது. கண்கள்... இமை நுனியில், பலகையிலிருந்து தெறித்த ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. 'ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை? என்ன அநியாயம் இது...' என்று அவள் நினைத்தாள். நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் பார்த்துவிட்டாள்.

"டாக்டர், தாடையைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா நான் போய் வேலையைப் பார்ப்பேன்."

அவள் கையைச் சட்டென்று எடுத்தாள். காது மடல் சிவந்ததை மழைக் குளிரின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

பல் பிடுங்குகிறவளுக்குப் பட்டறையில் என்ன வேலை? எல்லாம் வாய்க்கொழுப்பு. அக்காவின் நிச்சயத்தன்று சித்தி, "நீ என்னடி பரிசு குடுக்கப்போறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவைத்தாள். "கடையில வாங்கறதை யார் வேணாலும் வாங்கலாம் சித்தி. நான் என் கையாலேயே ஒரு மரப்பெட்டி செஞ்சு குடுக்கப்போறேன். நகை, படம், கடுதாசு எல்லாம் அவங்க ஞாபகமா வெச்சுக்கற மாதிரி" என்று இவளும் சொல்லிவைத்தாள். அத்தோடு போயிருந்தால் மறந்திருக்கலாம். அப்பா விடவில்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். வாழ்நாளில் ஓர் ஆணி அடித்தவர் இல்லை, அடிப்பதை மேற்பார்வை பார்த்தவர். சம்பந்தி வீட்டாரிடம் பெட்டியைப் பற்றி அவர் பேசப் பேச, அதில் சித்திர வேலைப்பாடு வந்தது, ரகசிய அறை வந்தது. பெட்டி மட்டும்தான் இன்னும் வரவில்லை.

அந்தப் பட்டறையில் மேசையை வாடகைக்கு எடுத்து யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். நடத்துகிற அம்மாள் காதில் பென்சிலோடு சுற்றி வருவார். அவள் முதன்முதலாக ரம்பம் பிடித்ததைப் பார்த்து, "இது பல்லு இல்லம்மா, கத்தாது. தைரியமா அறுங்க" என்றார்.

பக்கத்து மேசை அவனுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பால்ய நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்கு அவனும் ஒரு பெட்டிதான் செய்துகொண்டிருந்தான். எல்லா அளவையும் தாளில் போட்டு, சரிபார்த்து, கோடு கிழித்து அறுத்திருந்தான். பலகைக்குத் தடிமன் என்று ஒன்று உண்டு என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான். கல்யாண ஆல்பம் வைக்கச் செய்த பெட்டிக்குள், அளவு பார்க்க எடுத்து வந்த ஆல்பம் போகவில்லை.

"பசங்களுக்கு நீங்கதான் கணக்கு சொல்லித் தர்றீங்களா சார்?"

"தாள்ல வரையற பெட்டிக்குத் தடிமன் கிடையாதே, டாக்டர்."

"அப்போ தாளையே பரிசா குடுத்துடுங்க."

அவன் சிரித்தான். அந்தக் கடைவாய்ப் பல் அடைப்பு தெரிகிற அளவுக்குச் சிரித்தான். 'இவரை ஒருநாள் கிளினிக்குக்கு வரவழைச்சு அதை நாமே சரி பண்ணணும்' என்று அவள் முடிவு செய்தாள். முழுக்க முழுக்க மருத்துவ அக்கறை... வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிறுகள் வந்தன, மழையும் கூடவே வந்தது. மரத்தூள் மணத்தில் தகரக் கூரை தாளம் போட, இவள் பெட்டிக்கு நான்கு பக்கமும் எழுந்து நின்றன. லேசாகச் சாய்ந்துதான் நின்றன. மூடியில்தான் வினை வந்தது. பலகையில் ஒரு கணு இருந்தது. இழைக்கும்போது அது உதிர்ந்து, நட்டநடுவில் ஒரு ஓட்டை.

"மரத்தூளும் பசையும் குழைச்சு அடைங்கம்மா" என்றார் பட்டறை அம்மாள்.

"ஓட்டை அடைக்க எனக்கா சொல்லித் தரணும்?" என்றாள் டாக்டர்.

அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து சாமானோடு வந்தாள். ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். பஞ்சு வைத்து ஈரம் ஒற்றினாள். பல்லுக்கு வைக்கிற அதே பொருளைக் குழைத்து வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, மெருகும் ஏற்றினாள். அவள் தொழில் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த அடைப்பு அது. கறுப்பு மரத்தின் நடுவே, வெள்ளை வெளேரென்று, பளபளவென்று...

வாத்தியார் வந்து பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க."

"சிரிக்கலையே."

"உதடு துடிக்குது."

"இல்ல... பெட்டிக்குப் பல் முளைச்சிருக்கு, டாக்டர். கொஞ்சம் பார்த்து வைங்க. கல்யாணத்துல யாரையாவது கடிச்சிடப்போகுது."

பட்டறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ஒரு ஆல்பம்கூட நுழையாத பெட்டி செஞ்சவரு என்னைச் சொல்ல வந்துட்டாரு!" என்று பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பிவிட்டாள். பாதி வழியில்தான் அழுகை வந்தது. கல்யாணத்துக்கு முன் இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. அப்பா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியாயிற்று. உருப்படியான மூடி இல்லாத பெட்டியோடு மேடை ஏறினால் சித்தியின் முகம் எப்படி மலரும்!

அந்த ஞாயிறு பட்டறைக்குப் போனபோது அவள் மேசையில் ஒரு புது மூடி இருந்தது. ஆழ்ந்த பழுப்பு நிறம். ரேகைகள் ஓடை போல நெளிந்து ஓடின. தொட்டால் விரல் நிற்காமல் வழுக்கியது. பக்கத்து மேசையில் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். அவனிடம் மிச்சமிருந்த நல்ல பலகை அது ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

"உங்க நண்பருக்கு?"

"கடிகாரம் வாங்கிட்டேன். அது மணியாவது காட்டும்."

"எனக்கு வேண்டாம். என் கையாலேயேன்னு சொல்லியிருக்கேன்."

"மூடியைப் பெட்டியோட சேர்க்கற கீலை நீங்க மாட்டுங்களேன்."

வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லத்தான் வாயெடுத்தாள். சித்தியின் முகம் நினைவுக்கு வந்தது. "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள்.

"சொல்லமாட்டேன்" என்றான் அவன், வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு.

நன்றி என்ற ஒரு வார்த்தை விட்டுப்போனது வீடு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கல்யாண வரவேற்பு. மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் மணமக்களுக்குப் பக்கத்தில் அவள், மேசையில் பெட்டி, அப்பா கையில் மைக். தலைமைப் பொறியாளர் அணைத் திறப்புவிழா மாதிரி பேசிக்கொண்டிருந்தார். "...அளந்தது அவள், அறுத்தது அவள், இழைத்தது அவள்! இதில் இன்னொருத்தர் விரல்கூடப் பட்டதில்லை என்பதை இந்த நன்னாளில்..."

வரிசையில் கடிகாரப் பொட்டலத்தோடு அவன் நின்றான்.

"டேய் கணக்கு! வாடா!" என்று மாப்பிள்ளை தாவிப்போய்க் கட்டிக்கொண்டார். அவளுக்கு மேடை ஒரு பக்கம் சாய்வது போலிருந்தது. அந்தப் பால்ய நண்பன்... அக்காவுக்கு வந்த மாப்பிள்ளையா? இந்த மாப்பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய பலகையா அது?

அவன் அவளைப் பார்த்தான். ஒரு விநாடிதான். பிறகு மிகுந்த கவனத்தோடு மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினான்.

"கடிகாரமா?" என்று சித்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "அந்தப் பக்கம் வைங்க தம்பி, ஏற்கெனவே ஏகப்பட்டது கிடக்கு. எங்க பொண்ணு மாதிரி கையால செய்யறது எல்லாருக்கும் வருமா!"

"வராதுங்க. பெட்டி ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.

அக்கா பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "அடியே, மூடியைப் பாரேன்... தண்ணி ஓடற மாதிரி இருக்கு!" மாப்பிள்ளை மூடியைத் தடவினார். மாமாக்கள் மூடியைத் தடவினார்கள். புகைப்படக்காரர்கூட மூடியைத்தான் எடுத்தார். மற்ற நான்கு பக்கங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கூட்டத்துக்கு நடுவே ஒரு முதுகு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, மைக்கைக் குடுங்க."

"இரும்மா, இன்னும் முடியல..."

பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. பல் டாக்டருக்குப் பிடுங்கத் தெரியாதா என்ன? "மூடி நான் செய்யல" என்றாள். "நான் செஞ்சது... அதுக்குப் பல் முளைச்சிடுச்சு. சாய்ஞ்சு நிக்கற நாலு பக்கம் மட்டும்தான் என்னுது."

"என்னடி உளர்றே?" என்றாள் சித்தி. "அப்போ மூடி யாரு செஞ்சா?"

"அந்தப் பக்கம் வைக்கச் சொன்னீங்களே சித்தி, ஒரு கடிகாரம்... அதைக் கொண்டு வந்தவர்."

அப்பாவின் முகம் சுருங்கியது. "யாரும்மா அவரு?"

"கணக்கு வாத்தியார்ப்பா. எனக்கு யாருன்னு கேக்கறீங்களா? அதைத்தான் போய்க் கேட்டுட்டு வரப்போறேன்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாயிற்படிக்குக் கீழே அவன் குடையை விரித்துக்கொண்டு நின்றான், போகாமல். அவள் பட்டுப்புடவையோடு இறங்கி ஓடினாள். குடை தானாக அவள் பக்கம் சாய்ந்தது.

"சொல்லிட்டேன் சார். எல்லார்கிட்டயும்..."

"கேட்டுச்சு. உங்க அப்பா தெருமுனை வரைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருக்காரு."

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். ரொம்பத் தப்பு பண்ணிட்டேன். உங்க பலகையை எதுக்கு எனக்குக் குடுத்தீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "என் பெட்டி தேறாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். விட்டுட்டா ஞாயித்துக்கிழமை வர்றதுக்குச் சாக்கு இருக்காதே... அதான் வாரா வாரம் வந்து அந்தப் பலகையையே இழைச்சிட்டு இருந்தேன். அது அவ்வளவு வழவழன்னு ஆனதுக்கு நீங்கதான் காரணம்."

அவளுக்கு நெஞ்சு மழையைவிடச் சத்தமாக அடித்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "பலகையால அடிச்ச அன்னியிலேர்ந்து..."

"எனக்கு அடிபட்ட அன்னியிலேர்ந்து" என்றான் அவன்.

அவன் இமைகளில் மழை மின்னியது. குடையின் விளிம்பிலிருந்து துளிகள் அவர்களைச் சுற்றித் திரை கட்டின. அந்தத் திரைக்குள் உலகம் இல்லை, உறவு இல்லை, சித்திகூட இல்லை... இரண்டே பேர், நான்கே கண்கள்.

குடை அவனுடையது அல்ல. மாப்பிள்ளையின் தாய்மாமாவுடையது. அவர் வாயிற்படியில் நனைந்தபடி, அதைத் திருப்பிக் கேட்பதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.