வலியும் இனித்தது

தங்கையின் தலைமுடியில் குதிரை வாடை அடித்தது.

மருத்துவமனையில் வேலை முடிந்து வந்தவள் வழக்கம்போல் செருப்பை உதறிவிட்டு, கைப்பையைத் தரையில் போட்டு, அக்காவின் மடியில் தலைவைத்துச் சாய்ந்தபோது, மருந்து நெடியும் வியர்வையும் வரவேண்டிய இடத்தில் ஈர வைக்கோலும் தோலும் தீப்பந்தப் புகையும் கலந்த ஒரு கனத்த வாடை வந்தது. குதிரைக்குப் பக்கத்தில் ஒருநாளும் நின்றறியாத அக்காவுக்கு அது குதிரைதான் என்று எப்படியோ தெரிந்தது. அன்று காலைதான் தன் கதையில் அந்த வாடையை எழுதியிருந்தாள்.

"என்னடி, வார்டுல குதிரைக்கு ஊசி போட்டியா?"

"கழுதைங்களுக்கே போட்டுட்டு வரேன், குதிரை என்ன குதிரை? முதல்ல டீ குடு."

இருவரும் சிரித்தார்கள். அத்தோடு போயிற்று.

அக்கா கைபேசிச் செயலியில் தொடர்கதை எழுதுகிறவள். மருந்து அறைக் கதவைத் திறக்கும் இந்தக் காலத்து நர்ஸ் ஒருத்தி மன்னர் காலத்து அரண்மனையில் போய் நிற்கிறாள்; முரட்டுத் தளபதி ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். நாயகிக்கு ஆள் தேடி எங்கும் அலையவில்லை. அம்மாவும் அப்பாவும் போனபின் தான் வளர்த்து ஆளாக்கிய தங்கையையே எடுத்துக்கொண்டாள். அந்த இடதுகைப் பழக்கம், சிரிக்கும்போது சுருங்கும் மூக்கு, ஓரம் உடைந்த முன்பல், எல்லாம் அப்படியே. வாசகிகள் சொக்கிப்போனார்கள். 'இப்படி ஒரு தளபதி கிடைச்சா நானும் எந்தக் கதவையும் திறப்பேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

தளபதி நாயகியின் மணிக்கட்டை முதல்முதலாகப் பற்றும் இடத்தை அக்கா ரசித்து ரசித்து எழுதினாள். 'அவன் பிடியில் வலியும் இனித்தது.' மறுநாள் மாலை, மழை ஓய்ந்து, ஜன்னல் கம்பிகளில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, தங்கை டீயை வாங்கக் கை நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. கருநீலம். நடுவில் மோதிரம் அழுந்திய வட்டம்.

"யாருடி?"

"பேஷண்ட் யாராவது பிடிச்சிருப்பாங்க." தங்கை சட்டையை இழுத்துவிட்டாள். "தெரியலக்கா. மத்தியானம் கொஞ்ச நேரம் எங்க இருந்தேன்னே ஞாபகம் இல்ல."

தற்செயல் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளி கையைப் பிடிப்பது உலகத்தில் நடக்காததா? அடுத்த அத்தியாயத்தில் நாயகி தப்பி ஓடப் பார்க்கிறாள். தளபதி அவளைத் தூக்கிவந்து அந்தப்புரத்தில் விட்டுக் கதவைத் தாழிடுகிறான். சுவாரசியம் கெடாமல் அங்கேயே நிறுத்தி வெளியிட்டாள்.

அன்று மாலை தங்கை டீ கேட்கவில்லை. விளக்கைப் போடாமல் சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். குழாய் சொட்டும் சத்தத்துக்கெல்லாம் அவள் தோள் தூக்கிப்போட்டது.

"மருந்து ரூம் கதவைத் திறந்தா கல்லுத் தரையா இருக்குக்கா. அங்க ஒருத்தன். கையை விடுடான்னு கத்தணும்னு நினைக்கிறேன். ஆனா என் வாய் சிரிக்குது. 'தங்கள் அடிமை நான்'ங்குது." அவள் தன் உதட்டைக் கிள்ளினாள். "யாருக்கா அப்படிப் பேசுவா?"

யார் என்று அக்காவுக்குத் தெரியும். அது அவளே எழுதிய வசனம்.

"நாளைக்கு லீவு போடேன்."

"ஆள் இல்லக்கா. பெரிய சிஸ்டர் கடிச்சுக் குதறிடுவாங்க."

இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று அக்கா முடிவு செய்தாள். எழுதாவிட்டால் ஒன்றும் நடக்காது.

மறுநாள் தங்கை வரவில்லை. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. எதிர்வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. அக்கா மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"மதியம் மருந்து ரூமுக்குப் போனாம்மா," என்றார் பெரிய சிஸ்டர். அவர் குரலில் கடிப்பும் இல்லை, குதறலும் இல்லை. "ரொம்ப நேரமா வரலைன்னு போய்ப் பார்த்தோம். உள்ள யாரும் இல்ல. அந்த ரூமுக்கு வேற வழியும் கிடையாது."

போனை வைத்தபின்தான் அக்காவுக்கு உறைத்தது. கதையை எங்கே நிறுத்தினோம்? தாழிட்ட கதவில். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. திறக்க ஆள் இல்லை.

கணினியைத் திறந்தாள். அலங்காரம் எதுவும் வேண்டாம். 'தாழ் திறந்தது. அவள் ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள்.' தளபதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். வெளியிட்டாள்.

கீழே, மாடிப்படியில், வெறுங்கால்கள் ஓடிவரும் சத்தம்.

கதவைத் திறந்தாள். தங்கை அவள்மேல் வந்து விழுந்தாள். எலும்பாக இருந்தாள். காலையில் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை நைந்து கந்தலாகத் தொங்கியது. தலைமுடி பாதிக்குமேல் நரைத்திருந்தது.

"எத்தனை வருஷம்க்கா," என்றாள் தங்கை. "எத்தனை வருஷம் அந்தக் கதவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

அக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தங்கையைச் சுவரோரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் வாய்க்குள் போகாமல் கழுத்தில் வழிந்தது.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. நிற்கவே இல்லை.

'என்னது, வீட்டுக்குப் போயிட்டாளா? ஒத்துக்க மாட்டோம்.'

'தளபதி சும்மா விடுவானா? தேடி வருவான் பாருங்க.'

'வருவான்.'

'எங்க போனாலும் வருவான்.'

'வரணும்.'

வாசகிகளின் வரிகள் வந்துகொண்டே இருந்தன. அக்கா அத்தியாயத்தை அழித்தாள். அழிந்தது. அடியில் இருந்த வரிகள் அழியவில்லை.

படியில் காலடி.

இது ஓடவில்லை. நிதானமாக ஏறியது. ஒவ்வொரு படியிலும் இரும்பு உரசியது. எதிர்வீட்டில் பேச்சு நின்றது. சந்தன வாசனை, கதவிடுக்கு வழியாக. அதற்கு அடியில் ஈர வைக்கோல்.

காலடி வாசலில் நின்றது.

தட்டவில்லை.

தங்கை எழுந்தாள்.

"குட்டி, வேணாம்டி. உட்காரு."

தங்கையின் கண்களிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் சிரித்தது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அழகாக.

"வந்துவிட்டீர்களா, என் தலைவா?" என்றது வாய்.

அக்கா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இழுத்தாள். எலும்பாக இருந்தவள் அசையவில்லை. இடது கை நீண்டது. தாழ் விலகியது. கதவு திறந்தது.

நிலையை அடைத்துக்கொண்டு அவன் நின்றான். அகன்ற தோள்கள். திரண்ட புஜங்கள். கூரிய விழிகள். அக்கா எழுதியதெல்லாம் இருந்தது. எழுதியது மட்டும்தான் இருந்தது. விழிகளுக்குக் கீழே மூக்கில்லை, வாயில்லை, தாடையில்லை. கழுத்துவரை வழவழவென்று வெறும் தோல். அந்தத் தோலுக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல முட்டியது, சிரிக்க இடம் தேடுவதுபோல.