எண்பத்தெட்டாவது பதில்

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, ரிஷாத் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வாத்தியார் கடைக்குள் வந்தார். வந்தவர் கறிச் சட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மூலை மேசைக்குப் போய், "குமுதா அக்கா நீங்கதானே?" என்று கேட்டார்.

ஈப்போ நீதிமன்றத்தில் இருபத்தெட்டு ஆண்டு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற குமுதாவுக்கு அந்த மூலை மேசைதான் அலுவலகம். மனு எழுதித் தருவார், பத்திரம் மொழிபெயர்ப்பார், தலைபோகிற சிக்கலோடு யாராவது வந்தால் அதையும் பொறுமையாகக் கேட்பார். சாட்சிக் கூண்டில் நின்றவர்களின் பொய்யையும் மெய்யையும் சொல் சொல்லாக மலாய்க்கு மாற்றிய காதுகள் அவருடையவை. கடைக்காரன் ரிஷாத் அந்த மேசைக்கு வாடகை வாங்குவதில்லை. பதிலுக்கு, துப்புத் துலக்கும்போது அவனையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். இதுவரை ஏழு விவகாரங்களில் குற்றவாளி யார் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லியிருக்கிறான். ஏழும் தப்பு.

வாத்தியார் பெயர் பவித்ரன். முப்பத்தைந்து வயதிருக்கும். உட்கார்ந்ததும் ரிஷாத்தை ஓரக்கண்ணால் பார்த்துத் தயங்கினார்.

"இவருக்கு வாய் பெருசு. ஆனா அதுக்குப் பூட்டும் இருக்கு. சொல்லுங்க தம்பி" என்றார் குமுதா.

"நான் இண்டர்நெட்ல ஒரு குழு நடத்துறேங்கா. 'வழித்துணை'ன்னு பேரு. ஊரு ஊராப் போறவங்க பேசிக்கிற எடம். எங்க ரூம் மலிவு, எங்க காசு மாத்தலாம், எந்தச் சண்டையால டிக்கெட் வெல ஏறுது, இதுதான் பேச்சு. எல்லாரும் ஆம்பளைங்க." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். "ஆம்பளைங்களையே விரும்புறவங்க. நானும்தான்."

ரிஷாத் கையிலிருந்த துணியை மடித்தான், பிறகு விரித்தான். இந்தப் பேச்சு அவனுக்குப் பழக்கமில்லை. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அந்த மனிதர் மேசையை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. பால் கலந்த ஒரு தே தாரிக் ஆற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தான்.

பவித்ரன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அன்று காலை அவருடைய அடுக்குமாடி வீட்டின் தபால் பெட்டியில் கிடந்தது. அஞ்சல் தலை இல்லை. கணினியில் அடித்த எழுத்து.

"பவித்ரன் சார், சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்து. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள் குழுவில் சொல்லிவிடு. இல்லாவிட்டால் எஸ்டேட் சடக்கில் உங்கள் வேன் ஏறுவதற்குள், நீங்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று உன் ஸ்கூல் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும்."

"சனிக்கிழமை எங்க குழு நேர்ல கூடுதுக்கா. எங்களுக்குச் சட்டமும் துணை இல்ல. போலீசுக்குப் போனா நானே என்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி. பதிமூணு வருச வேலை. பீடோர்ல அம்மா இருக்காங்க. கூட்டத்தை நிறுத்திட்டு வேலையையும் விட்டுடலாம்னு இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை ஒரு மணி வரைக்கும் எதையும் விட வேணாம்" என்றார் குமுதா. அவர் குரல் உயரவில்லை. ஆனால் நீதிபதியே நிமிர்ந்து உட்காரும் குரல் அது என்பது ரிஷாத்துக்குத் தெரியும். "உங்க நிசப் பேரும் சனிக்கிழமை விசயமும் சேந்து யாருக்குத் தெரியும்?"

குழுவில் எல்லாருக்கும் புனைபெயர்தான். பவித்ரனுக்கு அங்கே 'மைல்கல்' என்று பெயர். பெயரும் நாளும் தெரிந்தவர்கள் மூன்றே பேர். முதலாவது, தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஷர்வின். குழுவை நடத்த உதவுகிறவன், ஆனால் பவித்ரனின் வீடு எங்கே என்று அறியாதவன். இரண்டாவது, கூட்டம் நடக்கவிருக்கும் பழைய துரை பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் சுகுமாரன். பீடோருக்கு உள்ளே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இருக்கிறது அந்தப் பங்களா. வரப்போவது ஏதோ சுற்றுலாச் சங்கம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது, தெலுக் இந்தான் தர்மா.

"வேன் ஓட்டுறவரு. விமான நிலையத்துக்குப் போறதுன்னா வீட்டுக்கே வந்து ஏத்திக்குவாரு, அஞ்சு வருசப் பழக்கம். பஸ்ஸுக்கு ஆளு பத்தலைன்னு நேத்து சாயங்காலம் அவருக்குத்தான் போன் போட்டேன், ரெண்டு வேன் போதும்னு. வெள்ளிக்கிழமை டொராண்டோவிலேர்ந்து ஒருத்தர் வாராரு, அவரைக் கூட்டியாரவும் தர்மாதான் போறாரு."

டொராண்டோ என்றதும் பவித்ரன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை ரிஷாத் கவனித்தான். குமுதா மட்டும் கவனிக்காமல் இருப்பாரா?

"யாரு அந்த டொராண்டோகாரர்?"

"பனிக்காரன்னு எழுதுவாரு. யாழ்ப்பாணத்துல பொறந்து சின்ன வயசுலயே கனடா போனவரு. நாலு வருசமாத் தினமும் என்கூடச் சண்டை. ஆனா இதுவரைக்கும் நேர்ல பாத்ததில்ல. ரெண்டு தடவை வாரேன்னு வரல. இந்தத் தடவையும் வரலைன்னா பேச்சே கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் கைப்பேசியை எடுத்துப் படித்துக் காட்டினார். நம்மைச் சிறையில் போடும் நாட்டுக்குச் சுற்றுலா போய் நம் பணத்தைக் கொட்டலாமா என்று மைல்கல் கேட்டிருந்தார். 'அப்படிப் பார்த்தால் வேலை முடிந்து நீ உன் வீட்டுக்கே போக முடியாது' என்று பனிக்காரன் பதில் எழுதியிருந்தான். எங்கோ கடலில் நடக்கும் சண்டைக்கு விமான டிக்கெட்டில் நாம் ஏன் காசு கட்ட வேண்டும் என்று இன்னொரு நாள் வாதம். ரிஷாத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது போன ஜனவரியில" என்று பவித்ரன் குரலைத் தாழ்த்திப் படித்தார். "'இரவு முழுக்கப் பனி. கதவைத் திறந்தால் சடக்கே தெரியவில்லை. ஆனாலும் உன்னோடு சண்டை போட எழுந்துவிட்டேன்.'"

"திரும்பப் படிங்க" என்றார் குமுதா. பவித்ரன் படித்தார். குமுதா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"உங்க குழுவுல ரொம்பச் சூடாப் பேசுன விசயம் எது?"

"எந்த ஊர்ல பாஸ்போர்ட் பாக்குற குடிநுழைவுக் கவுண்டர்ல ரொம்ப மொறைக்கிறாங்கங்கிறதுதான். எண்பத்தேழு பதில் வந்துச்சு."

"பனிக்காரர் என்னா சொன்னாரு?"

பவித்ரன் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதுல அவரு எழுதல. வேலையா இருந்திருப்பாரு."

பிறகு பவித்ரனை ஷர்வினுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் பேச வைத்தார் குமுதா. கடிதத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "மச்சான், பேங்காக்ல வெச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்லா. நான் சொன்னா எங்க கேக்குற? நாப்பது சீட்டு பஸ்ஸு அந்த மண்ணு ரோட்டுல ஏறுமா?" என்று எரிந்து விழுந்தான் ஷர்வின்.

போன் வைத்ததும் ரிஷாத் மேசையைத் தட்டினான். "இவன்தாங்கா! பேங்காக் போவணும்னு கூட்டத்தைக் கலைக்கப் பாக்குறான்."

"எட்டு" என்றார் குமுதா.

மறுநாள் பள்ளி விட்டதும் மூவரும் பங்களாவைப் பார்க்கக் கிளம்பினார்கள். குமுதாவின் விருப்பப்படி தர்மாவின் வேன்தான் வந்தது. தர்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட சட்டை. "வாங்க சார், முன்னால உக்காருங்க" என்று பவித்ரனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"விமான நிலையத்துக்கே ஓட்டுறீங்களே தம்பி, நீங்க எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டார் குமுதா.

"நானா?" தர்மா சிரித்தார். "வாசல் வரைக்கும்தாங்கா. பாஸ்போர்ட்டே எடுக்கல. ஆனா எல்லா ஊரும் இந்த வேனுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கு. ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் அவங்க கததான்."

பீடோர் தாண்டி எண்ணெய்ப் பனைகளுக்கு நடுவே வண்டி ஏறியது. பங்களா வாசலில் சுகுமாரன் கத்தியோடு நின்றிருந்தார். ரிஷாத் ஒரு கணம் மூச்சைப் பிடித்தான். "வாங்க தம்பி! பஸ்ஸு திரும்ப எடம் வேணும்னு பலா மரக் கிளையெல்லாம் வெட்டிட்டேன், பாருங்க" என்றார் அவர், பெருமையோடு. தேத்தண்ணி கலக்க அவர் உள்ளே போனதும், குமுதா வேனை விட்டு இறங்காமலே சொன்னார்.

"கதவைச் சாத்துங்க தர்மா. நீங்களும் உக்காருங்க."

பிறகு ரிஷாத்தைப் பார்த்தார். "எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ஆளைக் காட்டணும்னு உனக்கு ஆசை. இந்த விசயத்துல அப்படிச் செஞ்சா, கடுதாசிக்காரர் செய்யுறேன்னு மெரட்டுனதை நானே செஞ்சதா ஆயிடும். தெரிய வேண்டியவங்க மட்டும் கேட்டாப் போதும்."

தாளை மடியில் விரித்தார்.

"இதுல மூணு சொல்லு இருக்கு. மொத சொல்லு, வேன். ஷர்வின் பஸ்ஸுங்கிறாரு. சுகுமாரன் பஸ்ஸுக்குன்னு மரத்தையே வெட்டிட்டாரு. பஸ்ஸு வேனா மாறுனது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அது ஒருத்தருக்குத்தான் தெரியும். ரெண்டாவது சொல்லு, சார். 'நிறுத்து'ன்னு மெரட்டுற ஆளு 'சார்'னு ஆரம்பிக்கிறாரு. ஷர்வினுக்கு இவரு மச்சான், சுகுமாரனுக்குத் தம்பி. அஞ்சு வருசமா சார் சார்னு கூப்பிட்ட வாயி, கோவத்துலயும் பழக்கத்தை விடல."

தர்மாவின் கை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தது. பவித்ரன் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஆனா இவருக்கு நாங்க எப்படிப்பட்டவங்கன்னே தெரியாதேக்கா? வேன் மட்டும்தானே..."

"அங்கதான் மூணாவது சொல்லு வருது. சடக்கு. கடுதாசியிலயும் இருக்கு, பனிக்காரர் எழுதுனதுலயும் இருக்கு. கோர்ட்டுல ஒரு தடவை தோட்டத்துச் சாட்சி 'சடக்குல நின்னேன்'னாரு. சென்னையிலேர்ந்து வந்திருந்த ஒருத்தர் அப்படின்னா என்னான்னு கேட்டாரு. ரோட்டை நாம சொல்ற சொல்லு அது. யாழ்ப்பாணத்துக்காரர் றோட்டும்பாரு, தெருவும்பாரு. டொராண்டோவுல பனி விழுந்து 'சடக்கு' மறைஞ்சு போச்சுன்னு ஒருத்தர் எழுதுனா, அவரு வளந்த எடத்துல ரப்பர் மரம் இருந்திருக்கணும். தம்பி, நாலு வருசமா அது உங்க கண்ணுல படல. ஏன்னா உங்க வீட்லயும் அதான் சொல்லு."

பவித்ரன் கைப்பேசியை எடுத்து அந்த ஜனவரி வரியைத் தேடினார்.

"ஊரு ஊரா வெலவாசி தெரியுது, சண்டை தெரியுது, மழை வெயிலு தெரியுது. பிரயாணிங்க திரும்பி வரும்போது சொல்றதெல்லாம் தெரியுது. எண்பத்தேழு பேரு குடிநுழைவுக் கவுண்டரைப் பத்திப் பேசுறப்ப மட்டும் ஆளக் காணோம். அந்த வாசலுக்கு அங்கிட்டு அவரு போனதே இல்ல. வெள்ளிக்கிழமை டொராண்டோ ஆளைக் கூட்டியாரச் சொல்லியிருக்கீங்களே, இவரு யாரைக் கூட்டியாருவாரு? இவரையேவா?"

ரிஷாத்துக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"செவ்வாய்க்கிழமைதான் எனக்கும் தெரிஞ்சுச்சு சார்" என்றார் தர்மா. "துரை பங்களா, சனிக்கிழமைன்னு நீங்க சொன்னீங்க. அஞ்சு வருசமா பக்கத்து சீட்டுல ஒக்காந்திருந்தது மைல்கல்லுன்னு தெரியாமப் போச்சே. கூட்டம் நடந்தா பனிக்காரன் பொய்யின்னு தெரிஞ்சிரும். வரலைன்னா பேச்சு இல்லேன்னுட்டீங்க. நின்னு போச்சுன்னா பழையபடி பேசலாமேன்னு..."

"நேத்து ராத்திரி ராஜினாமாக் கடுதாசி எழுதி வெச்சேன்யா!" பவித்ரன் கத்தினார். "எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பாத்தேன்!"

"ஸ்கூலுக்குச் சொல்லியிருக்க மாட்டேன் சார். சத்தியமா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னாய்யா?"

"டொராண்டோகாரன்கிட்ட பேசுனீங்க. தெலுக் இந்தான் வேன்காரன்கிட்ட ஒலக விசயம் யாரு பேசுவா? இந்த சீட்டுல ஒக்காந்துக்கிட்டு என்கிட்ட என்னா கேட்டீங்க? டோல் எவ்வளோ, எப்ப போய்ச் சேருவோம். அவ்வளோதானே சார்?"

பவித்ரனின் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கண்ணாடி வழியே வெட்டிக் கிடந்த பலாக் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயம் எல்லாருக்கும்தான். ஆனா உங்க பயத்துக்கு அவரு வேலையையும் அவரு அம்மாவையும் பணயம் வெச்சீங்களே, அது பெரிய தப்பு" என்றார் குமுதா. "கூட்டம் நடக்கும். நீங்க குழுவுல உண்மைய எழுதணும். அதே கெடுதான். வெள்ளிக்கிழமை, ஒரு மணி."

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக் கிளம்ப வேண்டிய ரிஷாத், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூலை மேசையையே சுற்றிச் சுற்றி வந்தான். பவித்ரன் கைப்பேசியை மேசை மேல் கிடத்தியிருந்தார். ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அது ஒளிர்ந்தது.

'நான் பனிக்காரன். பனியைப் பார்த்ததே இல்லை. ஊர் தெலுக் இந்தான். ஒருவரை மிரட்டினேன், அது என் வாழ்க்கையிலேயே கேவலமான காரியம். நாளைக்கு உங்களை ஏற்றிக்கொண்டு வருகிறவன் நான்தான். என் வண்டியில் ஏற மனமில்லாதவர்கள் சொல்லுங்கள், வேறு வேன் ஏற்பாடு செய்கிறேன்.'

யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. பவித்ரன் கைப்பேசியை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். கடைசியில் ஒரே வரி அடித்தார். 'காலை எட்டு மணி. முன் சீட்டு எனக்கு.'

ரிஷாத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பவித்ரன் கடைக்கு வந்து சாப்பாட்டுக்குச் சொன்னார். அப்புறம் ஒன்றும் பேசாமல் கைப்பேசியைக் குமுதாவின் பக்கம் நகர்த்தினார். குடிநுழைவுக் கவுண்டரைப் பற்றிய அந்தப் பழைய பேச்சில் புதிதாக ஒரு பதில் சேர்ந்திருந்தது. எண்பத்தெட்டாவது.

'தாய்லாந்து எல்லை. வரிசை ரொம்ப நீளம். கவுண்டரில் இருந்தவர் என் புது பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், சிரிக்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற வாத்தியார் சிரித்தார்.'