நூறாவது ஆள்

வடக்கு டகோட்டாவில் ரயில் எஞ்சின்கள் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் முளைத்த ஊர் எங்களுடையது. கிழக்கே உப்பு ஏரி. மற்ற மூன்று பக்கமும் கோதுமை வயல். ஒரு காலத்தில் நானூறு பேர் இருந்தோம். புழுதிப் புயல் அடித்த வருஷங்களில் பலர் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மக்கள் கணக்கெடுக்க ஓர்லா என்ற பெண் வந்தபோது ஏப்ரல் பிறந்திருந்தது, பனி உருகவில்லை. மாலைக்குள் எல்லா வீடும் ஏறி இறங்கிவிட்டாள். தொண்ணூற்றொன்பது பேர். நூறு இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், ரயிலும் இங்கே நிற்காது.

"நெல்ஸ் பிரெக்கேயை விட்டுட்டீங்களே மேடம்," என்றார் குண்டர் என்ற பெயர் கொண்ட எங்கள் மேயர்.

"அவர் பிப்ரவரியிலயே செத்துட்டாராமே?"

"இன்னும் புதைக்கலையே!"

எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் மண் கல்லாக உறைந்துவிடும். குழி வெட்ட முடியாது. பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் கொட்டடியில் வைத்துவிட்டு, மண் இளகக் காத்திருப்போம். புதைக்கும்வரை ஒருவரைச் செத்தவர் என்று சொல்வதில்லை.

நெல்ஸின் மனைவி இங்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எழுதிராதீங்கம்மா. இப்பத்தான் அடி உதையில்லாம தூங்கறேன். என் வீட்டு ஆளுன்னு எழுதினா, வீட்டுக்கு வந்துருவார்."

"வரட்டுமே இங்கா! விறகு வெட்ட ஆளாச்சு," என்றார் குண்டர்.

நாங்கள் சிரித்தோம்.

ஓர்லா மறுத்தாள். "அப்ப ஆளை நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்று குண்டர் அவளைக் கொட்டடிக்கு அழைத்துப் போனார். அவள் உள்ளே கால் வைத்ததும் வெளித் தாழ்ப்பாளைப் போட்டார்.

"எழுதிட்டு ஒரு குரல் குடுங்க மேடம். திறக்கறோம்."

முதலில் கதவை இடித்தாள். திட்டினாள். பிறகு அழுதாள். கதவிடுக்கிலிருந்து பைன் பலகை வாடையும், அதற்கடியில் புளித்த புகையிலை வாடையும் வந்தன.

அழுகை சட்டென்று நின்றது.

"பேர்?" என்று உள்ளே ஓர்லா கேட்டாள்.

ஏதோ முனகல்.

"வயசு?"

முனகல்.

"யாரோட இருக்கீங்க?"

இந்த முறை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தொண்டையில் மண் அடைத்த ஆண் குரல்.

"என் பொண்டாட்டி இங்காவோட."

இங்கா பனியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்க யாரும் போகவில்லை.

குண்டர் கதவைத் திறந்தார். ஓர்லாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "நூறு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

பள்ளிக்கூடம் பிழைத்தது. ரயிலும் எங்கள் ஊரில் வழக்கம்போல நின்று போனது.

மே மாதம் மண் இளகியது. பெட்டியைத் தூக்க ஆறு பேர் போனோம். இரண்டு பேர் போதுமாக இருந்தது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

குண்டரும் நானும் இங்காவின் வீட்டுக்கு ஓடினோம். கதவு ஒரு சாண் திறந்தது. அவளுடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"இங்கா, வெளிய வாம்மா," என்றார் குண்டர்.

"மெதுவா பேசுங்க," என்று கிசுகிசுத்தாள். "நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

வெயில் முதுகைச் சுட்டது. ஆனாலும் அவள் தலைக்குப் பின்னால், அவளைவிட உயரமான ஓர் ஆளின் வாய் உயரத்தில், வெள்ளையாக மூச்சுப் புகை வந்துகொண்டிருந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் ஏப்ரன் துணியைப் பற்றியிருக்க, கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.